பதினோரு நிமிடச் சூடு

போன வாரம் அந்தக் குடும்பத்தை ஒரு பார்சலுக்காக வாசலைப் பார்க்க வைத்துவிட்டு வந்தோம். பார்சல் வந்து சேர்ந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாமோ என்று இந்த வாரம் அந்த வீட்டு அண்ணன் ஒருவன் மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறான்.

பார்சலில் இருந்தது மேசைப்பந்து பேட்டுக்கு ஒட்டுகிற ஒரு ரப்பர். கறுப்புத் தகடு, மேலே முழுக்கப் பொடிப்பொடியாக நீண்ட முட்கள், அடியில் மெல்லிய ஸ்பாஞ்சு. எல்லோரும் இதை வைத்து ஆடிவிட முடியாது. அடித்து ஆடுகிறவர்களுக்கு வழவழவென்று பந்தைப் பிடித்துச் சுழற்றிவிடும் ரப்பர் வேண்டும், அடியில் தடித்த ஸ்பாஞ்சும் வேண்டும்.

தங்கை அடித்து ஆடுகிறவள் இல்லை. மேசையிலிருந்து நாலைந்து அடி தள்ளி நின்று, வருகிற அடியையெல்லாம் வெட்டி வெட்டித் திருப்பி அனுப்புகிறவள். எதிராளி அலுத்துப்போய்த் தானாகத் தப்புப் பண்ணும்வரை அனுப்பிக்கொண்டே இருப்பாள். அரங்கத்தில் அவளுக்கு ‘மதில்’ என்று பெயர். மதிலுக்கு முள் ரப்பர்தான் சரிப்படும். வந்த சுழற்சியை அது தன்னிடம் வைத்துக்கொள்ளாது, அனுப்பினவளுக்கே திருப்பிக் கொடுத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆயிற்று. அதில் ஒரு வருடத்தைத் தின்றவன் அண்ணன். யாரோ பெரிய ஆட்டக்காரர் வைத்திருக்கிறாராம் என்று கேள்விப்பட்டு, தொட்டாலே பறக்கிற வேக ரப்பர் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கி ஒட்டிக் கொடுத்தான். அந்த வருடம் அவள் பந்து மேசையில் விழுந்ததைவிடச் சுவரில் விழுந்ததுதான் அதிகம். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவனுக்கு இத்தனை உறுத்தியிருக்காது.

அண்ணனுக்குத் தொழில், கடைத்தெருவில் ஷூவுக்கும் செருப்புக்கும் சோல் ஒட்டுவது. சேக்காளிகள் கூப்பிடுவதே ‘சோல்’ என்றுதான். ஊரார் பாதங்களையெல்லாம் ஒட்டுகிறவன் தங்கை பேட்டை ஒட்ட மாட்டானா? பத்து வருடமாக அவன்தான் ஒட்டுகிறான்.

இன்றைக்குக் காலிறுதியும் அரையிறுதியும் ஒரே நாளில். இறுதிச் சுற்றுக்குப் போகிற இரண்டு பேருக்கும் மாநில அணியில் இடம். அவள் ஏற்கனவே இரண்டு தடவை அரையிறுதியில் தோற்றவள். வயது வரம்பு இந்த வருடத்தோடு முடிகிறது. இன்றைக்கு விட்டால், திங்கட்கிழமையிலிருந்து நீர் வாரிய அலுவலகத்தில் புகார்க் கடிதங்களைத் தேதிவாரியாக அடுக்குகிற வேலை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம்.

* * *

காலிறுதி இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

மூன்றுக்குப் பூஜ்ஜியம். போன வருடம் இவளைப் புரட்டி எடுத்த அதே பெண்தான் எதிரில் நின்றாள். இன்றைக்கு அவள் தொட்ட பந்தெல்லாம் வலையில் போய் விழுந்தது. அப்படியே வலையைத் தாண்டினாலும் மேசைக்கு வெளியே மிதந்தது. மூன்றாவது ஆட்டத்தில் அந்தப் பெண் தன் பேட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள், குற்றம் அதில்தான் என்பது போல.

தங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

“அண்ணா, என்ன மாயம் பண்ணின?”

“நான் என்ன பண்ணினேன்? ஒட்டினேன்.”

“பொய் சொல்லாத. நான் வெட்டுறது பாதிதான், பந்து மீதியைத் தானே பாத்துக்குது. எனக்கே தெரியல அது எப்படிப் போகுதுன்னு. புது ரப்பர் பழகப் பத்து நாள் ஆகும்னு பயந்துட்டு இருந்தேன். இது சொன்ன பேச்சு கேக்குது!”

அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒரு வருடத்தைத் தின்ற பாவம் இன்றைக்குத்தான் கழிந்தது என்று நினைத்தான்.

பேட்டை அவன் கையில் கொடுத்துவிட்டு அவள் முகம் கழுவப் போனாள். ஆட்டத்துக்கு ஆட்டம் பேட்டைத் துடைத்து வைப்பது அவன் வேலை. சிவப்பாக வழவழவென்று இருக்கும் முன்பக்கத்தை ஈரப் பஞ்சால் ஒற்றி எடுத்தான். பின்பக்கம் திருப்பி, முட்களுக்கு நடுவே மெல்லிய பிரஷ்ஷை விட்டான்.

பிரஷ் வழுக்கிக்கொண்டு போயிற்று.

கட்டைவிரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தான். ரப்பர் என்றால் விரலைக் கொஞ்சமாவது பிடித்து இழுக்க வேண்டும். இது பிடிக்கவில்லை. முள் நுனியெல்லாம் கண்ணாடி மாதிரி இறுகிப்போயிருந்தது. பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து முட்கள்மேல் அழுத்தித் தள்ளினான். எண்ணெய் தடவின தரையில் போவது போலப் பந்து சறுக்கிப் போய் அவன் மடியில் விழுந்தது.

அப்போதுதான் காலையில் நடந்தது அவனுக்கு ஒழுங்காக ஞாபகத்துக்கு வந்தது.

ரப்பருக்குப் பூசுகிற பசை தண்ணீரில் கரைத்த பசை. பூசும்போது பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். காய்ந்து நிறம் போனபிறகுதான் மரத்தில் ஒட்ட வேண்டும். விடிந்ததிலிருந்து மழை. ஆறரை மணிக்கும் பசை வெள்ளையாகவே இருந்தது. எட்டு மணிக்கு அரங்கத்தில் இருக்க வேண்டும்.

கடையில் அவனிடம் ஒரு சூட்டுப் பெட்டி உண்டு. சோலில் பசை தடவி அதற்குள் இரண்டு நிமிடம் வைத்தால், பசை இளகிப் பிடிக்கத் தயாராகிவிடும். ஒரு நாளைக்கு முப்பது தடவை செய்கிற வேலை. கை தானாகச் செய்தது. ரப்பரைக் கம்பித் தட்டில் வைத்தான், மூடினான்.

அந்த நேரம் பார்த்து அம்மா போன் பண்ணினாள். முழங்கால் வலியோடு வீட்டில் இருக்கிறவள். தண்ணீர்ப் பாட்டில் எடுத்தீர்களா, துண்டு எடுத்தீர்களா, மாற்றுச் சட்டை எடுத்தீர்களா என்று ஒவ்வொன்றாக விசாரித்தாள். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. ரப்பர் சுருண்டு கிடந்தது. அடித்துப்பிடித்து எடுத்து இரும்பு எடையை மேலே ஏற்றி நிமிர்த்தினான். நிமிர்ந்துவிட்டது. பார்க்கப் புதுசாகவே இருந்தது. ஒட்டினான், ஓரத்தைப் பிளேடால் வெட்டினான், அவளிடம் ஒன்றும் சொல்லாமல் கொடுத்துவிட்டான்.

முள் ரப்பரை வேண்டுமென்றே சூடு காட்டி வழுக்கவிடுகிற ஆட்கள் உண்டு. பந்து பேய் மாதிரி நடந்துகொள்ளும், எதிராளிக்குத் தலையும் புரியாது காலும் புரியாது. அதனால்தான் விதிப் புத்தகத்தில் அதற்குத் தடை. ரப்பர் கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே ஆட வேண்டும்.

இத்தனையும் அவனுக்குத் தெரிந்ததற்குக் காரணம், அவன் அப்பாதான்.

* * *

அரங்கத்துக்குப் பின்னால் ஒரு நீளமான தாழ்வாரம். அதன் கடைசியில் ஒரு மேசை. ஆடப் போகிற பேட் எல்லாம் முதலில் அங்கே போய்த்தான் வர வேண்டும். அந்த மேசைக்குப் பின்னால் நாற்பது வருடமாக உட்கார்ந்திருப்பவர் அப்பா. அவர் பெயரையே எல்லோரும் மறந்துவிட்டார்கள், ‘அளவுகோல்’ என்றுதான் சொல்வார்கள். ரப்பரும் ஸ்பாஞ்சும் பசையும் சேர்ந்து நாலு மில்லிமீட்டருக்கு ஒரு மயிரிழை கூடினாலும் பேட் வெளியே. சிநேகிதன், சம்பந்தி என்று பார்க்க மாட்டார். தங்கைக்குப் பன்னிரண்டு வயதில் ரப்பர் ஓரம் மரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது என்று அவள் பேட்டையே நிராகரித்தார். அவள் அழுதாள். அவர் அடுத்த பேட்டை எடுத்து அளந்தார்.

அதற்குப்பிறகு அவர் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார். மகள் பேட்டை அவர் தொடுவதே இல்லை. பக்கத்தில் உட்காருகிற இளம் பரிசோதகரிடம் தள்ளிவிடுவார். இன்று காலையும் அந்தப் பெண்தான் பார்த்தாள். தடிமன் சரி, நிறம் சரி, ரப்பர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று முத்திரை போட்டுக் கொடுத்துவிட்டாள். தடவிப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அண்ணன் அந்த மேசை முன்னால் போய் நின்றான்.

“என்னடா?” அப்பா நிமிரவில்லை. “அவ மேட்ச் பத்திப் பேசுறதுன்னா இங்க பேசாத.”

“அவ மேட்ச் இல்லப்பா. ஒரு சந்தேகம்.”

“கேளு.”

“முள் ரப்பர்ல தெரியாம சூடு பட்டுடுச்சுன்னா என்ன பண்ணுவீங்க?”

“எடுத்துடுவேன்.”

“வேணும்னு பண்ணல. கவனிக்காம விட்டதுல.”

அப்பா கையிலிருந்த பேட்டைக் கீழே வைத்தார். “வேணும்னு பண்ணினாங்களா, கவனிக்காம பண்ணினாங்களான்னு ரப்பருக்கு எப்படிடா தெரியும்? எதிர்ல நிக்கிறவளுக்கு வர்ற பந்து ஒண்ணுதானே?”

“ஆட்டம் ஆடி முடிச்சப்புறம் தெரிஞ்சா?”

“ஜெயிச்சதும் போச்சு, போட்டியும் போச்சு. பேப்பர்ல ஏமாத்தினவன்னு எழுதுவாங்க. ஆடினவங்க பேரைத்தான் எழுதுவாங்க, ஒட்டினவன் பேரை யாரும் கேக்க மாட்டாங்க.”



அப்பா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். “யாரோட பேட்?”

வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே வேறு பக்கம் திரும்பியிருக்கும். பின்னால் வரிசையில் ஆறு பேர் பேட்டோடு நின்றார்கள். அவன் மென்று முழுங்கினான்.

“கடைக்கு வர்ற ஒருத்தரோடது.”

“ஆடவேண்டாம்னு சொல்லு அவர்கிட்ட,” என்று அப்பா அடுத்த பேட்டுக்குக் கை நீட்டினார்.

* * *

தங்கை படிக்கட்டில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். போனில் அம்மா.

“ஆமாம்மா, மூணுக்குப் பூஜ்ஜியம்... எல்லாம் அண்ணன் கைராசி... இரு, அண்ணனே வந்துட்டான்.”

போன் அவன் காதுக்கு வந்தது. “நல்லா இருப்பேடா,” என்று அம்மா தழுதழுத்தாள். “காலையில உன்னைப் போன்ல தொந்தரவு பண்ணினேன்னு கோவிச்சுக்காத.”

“சரிம்மா” என்றான்.

போனை வைத்ததும் தங்கையிடம் சொன்னான். “ஏய், அரையிறுதிக்கு இன்னொரு பேட்ல ஆடேன்.”

“பழைய பேட்லயா? அதுல முள்ளே இல்லயே, பாதி வழுக்கை. ஏன்?”

“இல்ல... புதுசு நாளைக்கு இறுதிச் சுற்றுக்கு இருக்கட்டும்னு...”

“அரையிறுதியில தோத்துட்டு இறுதிச் சுற்றுக்குப் பேட்டைப் பத்திரப்படுத்தவா?” அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். “உனக்கு என்னை விட நடுக்கம் ஜாஸ்தியா இருக்குண்ணா. தண்ணி குடி.”

“இல்லடி, நான் சொல்றதைக் கேளு. காலையில கடையில...”

ஒலிபெருக்கி கரகரத்தது. இரண்டாம் மேசை, அரையிறுதி. அவள் தோலை அவன் கையில் திணித்துவிட்டு எழுந்து போய்விட்டாள். சொல்ல வந்தவன் வாழைப்பழத் தோலோடு நின்றான்.

* * *

பணம் கொடுத்துப் பயிற்சியாளரை வைத்துக்கொள்கிற குடும்பம் இல்லை. அதனால் ஆட்டக்காரரின் பக்கத்து நாற்காலியில் அண்ணன்தான் உட்காருவான். அதற்கு ஒரு சட்டம் உண்டு. அவள் பதினாலு வயதில் போட்ட சட்டம். ஒரு தடவை இவன் இடைவேளையில் “நிதானமா ஆடு” என்று சொல்லித் தொலைக்க, அதையே நினைத்துக்கொண்டு வரிசையாக ஐந்து பாயிண்ட் விட்டாள். அன்றிலிருந்து இடைவேளையில் அவன் வாயைத் திறக்கக் கூடாது. துண்டு கொடுக்கலாம், தண்ணீர் கொடுக்கலாம், பேட்டைத் துடைக்கலாம்.

எதிரில் ஒரு இடதுகைக்காரி. கை வீச்சு ஒவ்வொன்றும் கதவைச் சாத்துகிற சத்தம் போடும். முதல் ஆட்டத்தில் அவள் அடித்ததெல்லாம் இவள் வெட்டத் திரும்பி வந்தது, திரும்பி வந்ததெல்லாம் அவள் பேட்டில் பட்டுத் தரையில் விழுந்தது. பதினொன்றுக்கு நாலு.

அரங்கமே கை தட்டியது. அண்ணனும் தட்டினான். தட்டாமல் எப்படி இருப்பது?

இடைவேளை ஒரு நிமிடம். அவள் வந்து நாற்காலிக்கு முன்னால் குந்தினாள். அவன் குனிந்தான்.

“ஒரு விஷயம்...”

அவள் ஒரு விரலைத் தன் உதட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது ஆட்டமும் தங்கைக்கே. இடதுகைக்காரியின் பயிற்சியாளர், தொப்பி போட்ட ஆள், நடுவரிடம் போய்க் கையை ஆட்டிப் பேசினார். அண்ணனுக்குக் காதில் விழுந்தது.

“அந்தக் கறுப்பு ரப்பர்ல என்னவோ இருக்கு சார். அது அந்த மாதிரி ஆடுற ரப்பர் இல்ல.”

“பேட் சோதிச்சு முத்திரை போட்டுத்தான் வந்திருக்கு,” என்றார் நடுவர். “அரையிறுதியில ஜெயிச்ச பேட் எப்படியும் மறுபடி மேசைக்குப் போகும். அதுவரைக்கும் உக்காருங்க.”

இப்போது பேட் அண்ணன் மடியில் இருந்தது. துடைத்துக்கொண்டிருந்தான். துடைக்கத் துடைக்க ஒரு யோசனை வந்தது. ஆட்டத்தின் நடுவில் பேட்டை மாற்றக் கூடாது. ஆனால் பேட் தற்செயலாகச் சேதமாகி, ஆட முடியாமல் போனால் மாற்றலாம். ரப்பர் ஓரம் கொஞ்சம் பிய்ந்துவிட்டால்? பழைய பேட் பையில் இருக்கிறது. பாதி வழுக்கைதான், ஆனாலும் யோக்கியமான வழுக்கை. இரண்டு ஆட்டம் முன்னால் இருக்கிறாள். ஒருவேளை அதை வைத்தே ஜெயித்துவிட்டால்?

இதுவும் கள்ளத்தனம்தான் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அந்த இரண்டு ஆட்டமும் எதனால் வந்தன என்பதும் தெரியும். தெரிந்தே துண்டுக்கு அடியில் கட்டைவிரல் நகத்தை ரப்பரின் ஓரத்தில் விட்டான். வருடக்கணக்காக ஊரார் ஷூவிலிருந்து சோலைப் பிய்த்த விரல் அது. கிளப்பினான். வரவில்லை. அழுத்திக் கிளப்பினான். நகக்கண்ணில் ரத்தம் கட்டியது. சூட்டில் இறங்கின பசை மரத்தோடு மரமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இதுவரை அவன் ஒட்டினதிலேயே இதைப் போல் அழகாக ஒட்டினது எதுவும் இல்லை.

தங்கை கண்ணைத் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, அவன் முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டினாள், பயப்படாதே என்பது போல. பேட்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

மூன்றாவது ஆட்டம் முழுக்க அவன் ஒன்றை வேண்டிக்கொண்டான். இவள் தோற்க வேண்டும். பத்து வருடமாக எந்தப் பெண்ணுக்காக உட்கார்ந்தானோ அவள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைமை அவனுக்கு வந்தது. தோற்றால் அழுவாள், ஒரு வாரம் சாப்பிட மாட்டாள், திங்கட்கிழமை கடிதம் அடுக்கப் போவாள். ஏமாற்றுக்காரி என்று எவனும் சொல்ல மாட்டான்.

அவள் தோற்கவில்லை. பத்துக்கு ஏழில் கடைசிப் பந்து. இடதுகைக்காரி உயிரைக் கொடுத்து அடித்தாள். மதில் ஆறடி பின்னால் போய், முழங்கால் தரையில் தொட, தாழ வெட்டினாள். பந்து வலையைத் தாண்டி, மேசையில் விழுந்து, எழும்ப மறந்தது போல உருண்டது.

தங்கை பேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நிஜமாகவே மிக அழகான வெட்டு அது. எந்த ரப்பரிலும் அழகாகத்தான் இருந்திருக்கும். அண்ணனுக்கு அழுகை வந்தது. பார்த்தவர்கள் சந்தோஷத்தில் அழுகிறான் என்று அவன் முதுகைத் தட்டினார்கள்.

* * *

தாழ்வாரத்தில் அவள் முன்னால் ஓடினாள். ஒரு கையில் பேட், ஒரு கையில் போன். அவன் பின்னால் போனான். நடுவர் கூட வந்தார், தொப்பிக்காரரும் வந்தார்.

மேசையில் அப்பா மட்டும் இருந்தார். இளம் பரிசோதகரை மற்ற அரையிறுதிக்குத் துணை நடுவராகக் கூப்பிட்டுவிட்டார்களாம், அது இன்னும் முடியவில்லை.

“வைம்மா அந்த ஓரமா,” என்றார் அப்பா. முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டார், ஆனால் காது மடல் சிவந்திருந்தது. அவருக்குச் சந்தோஷம் வந்தால் காதில்தான் தெரியும். “நான் தொட மாட்டேன். அந்தப் பொண்ணு வந்து பாக்கட்டும். காத்திருங்க.”

“சரிப்பா.” அவள் பேட்டை வைத்தாள். ஓரமாக வைக்கவில்லை. சந்தோஷத்தில் ஓரம் எது நடு எது என்று யாருக்குத் தெரியும்? அவர் எழுதிக்கொண்டிருந்த படிவத்தின் மேலேயே கறுப்புப் பக்கம் மேலாக வைத்துவிட்டு, போனை அவர் பக்கம் நீட்டினாள். “அம்மா லைன்ல இருக்காங்க. ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா. அணியில இடம் கிடைச்சாச்சு!”

அப்பா படிவத்தை எடுப்பதற்காகப் பேட்டைக் கையால் ஒதுக்கினார். அவ்வளவுதான். ஆனால் நாற்பது வருடப் பழக்கம், கட்டைவிரல் தானாக முட்கள்மேல் ஒரு கோடு இழுத்தது.

விரல் நின்றது. திரும்ப ஒரு தடவை போயிற்று. பிறகு அந்தக் கை பேட்டின் மேலேயே கிடந்தது.

அவர் காது மடலின் சிவப்பு மெல்ல வடிந்தது. மகளைப் பார்க்கவில்லை. நடுவரையும் தொப்பிக்காரரையும் பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு மகனைப் பார்த்தார்.

“கடைக்கு வர்ற யாரோட பேட்டுன்னு சொன்னே?”

அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து அவன் கேட்டதே இல்லை.

“எந்தப் பேட்?” தங்கை சிரித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் நகக்கண்ணில் கட்டியிருந்த ரத்தத்தில் அவள் பார்வை நின்றது. பேட்டின் ஓரத்தில் நகம் கீறின தடம் இருந்தது. அதையும் பார்த்தாள். சிரிப்பு இன்னும் முகத்தை விட்டுப் போகவில்லை, எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. “அண்ணா? கடைக்கு வர்ற யாரு?”

இப்போது இடைவேளை இல்லை. வாயைத் திறக்கக் கூடாது என்று யாரும் உதட்டில் விரலை வைக்கவில்லை. பத்து வருடத்தில் முதல் தடவையாக அவன் பேசட்டும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

நீட்டின கையில் போன் அப்படியே இருந்தது. அதற்குள்ளிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

“ஹலோ... என்னாச்சு? ஏன் எல்லாரும் சும்மா இருக்கீங்க? யாராவது பேசுங்களேன்.”